பின்சுவரின் சிவப்பு

பின்சுவர் சிவப்பாக இருக்கிறது, அப்படியென்றால் கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது. கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று ஷெட்டுக்குப் போன மாதம் வெள்ளையடித்தார்கள். அது எனக்கு இப்படி உதவும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினால் பிரேக் விளக்கு சுவரில் விழுகிறது. சிவப்பு இருந்தால் கால் அழுத்துகிறது. சிவப்பு இல்லையென்றால் கால் வேறு எங்கோ இருக்கிறது, பெடலுக்குப் பக்கத்தில், மிதியடியின் மேல், எங்கோ. குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முப்பது வருடமாகக் காலை வைத்துப் பிழைத்த ஒருவன் குனிந்து தன் காலைத் தேடுவதை யாரும் பார்க்கக் கூடாது, முக்கியமாக இந்தப் பெண் பார்க்கக் கூடாது. நிலோஃபர் பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்து அதன் ஒயரை டேஷ்போர்டுக்குக் கீழே செருகிக்கொண்டிருக்கிறாள். பெடலும் ஸ்டீயரிங்கும் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அந்த லேப்டாப்பில் மாற்றுகிறவள் அவள். ஓட்டிப் பார்த்து மாற்றச் சொல்கிறவன் நான். "கனெக்ட் ஆயிடுச்சு சார். போலாம்," என்கிறாள். போகலாம். என் தடித்த ரப்பர் செருப்பு பின்னிருக்கையின் கீழே கிடக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற செருப்பு, வண்டியில் ஏறும்போது மட்டும் கழற்றிவிட்டு மெல்லிய அடிப்பாகம் கொண்ட இந்தப் பழைய ஷூவைப் போட்டுக்கொள்கிறேன். அடிப்பாகம் மெல்லியதாக இருந்தால் பெடல் பேசுவது காலுக்குக் கேட்கும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. கேட்காத காலுக்கு எதற்கு மெல்லிய ஷூ. ஆனாலும் மாற்றுகிறேன், தினமும் மாற்றுகிறேன், ஊமையின் முன்னால் போய் உட்கார்ந்து காது கொடுப்பதுபோல.

வெளியே வெயில் வெள்ளையாக அடிக்கிறது. வண்டி முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் போட்ட ஸ்டிக்கர், அதன் உருவம் யாருக்கும் தெரியக் கூடாதென்று. எங்களுக்குள் இதற்குப் பெரியவன் என்று பெயர். உள்ளே தோல் இருக்கைகள், ஒரு சின்ன வீட்டுக்கு ஆகிற விலை, யானை எடை, ஆனால் சின்னக் காரைப்போல வளைய வேண்டும், பந்தயக் காரைப்போல நிற்க வேண்டும். இன்று நான் மார்க் சொல்கிற நாள். பத்துக்கு எட்டு என்று சொன்னால் இதே பெடல், இதே ஸ்டீயரிங், இதே ஆக்ஸிலரேட்டர் அப்படியே தொழிற்சாலைக்குப் போய்விடும். எட்டுக்குக் கீழே என்றால் மறுபடி முதலிலிருந்து. ஏழரை மட்டும் யாரும் சொல்வதில்லை. சனி பிடித்த எண் என்று திட்டத் தலைவர் சடகோபனுக்கு அது ஆகாது, ஏழே முக்கால் என்று சுற்றிவளைத்துச் சொல்லிக்கொள்வோம். இன்னொரு வழக்கமும் உண்டு, யார் தொடங்கியதென்று தெரியவில்லை, நான் சேர்ந்தபோதே இருந்தது. மார்க்கை இருக்கையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட வேண்டும், கால் பெடலின் சூட்டோடு இருக்கும்போதே. கதவைத் திறந்து இறங்கிவிட்டால் பிறகு என்ன சொன்னாலும் அது வெறும் பேச்சு. யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். எத்தனையோ பேர் இறங்கிய பிறகு டீ குடித்துக்கொண்டே, இல்லப்பா, கொஞ்சம் அதிகமாச் சொல்லிட்டேன் என்று தலையைச் சொறிந்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவோம். இருக்கையில் சொன்னது சொன்னதுதான். காலையில் கண்ணாடி முன்னால் முகம் மழிக்கும்போது இன்றைக்கு நாலு என்று சொல்லிப் பார்த்தேன். நாலு. சின்ன வார்த்தை. என் மனைவி ரெஜினா அடுப்படியிலிருந்து, "என்ன, யார்ட்ட பேசுதிய?" என்றாள்.

ஸ்போர்ட் மோடுக்கு மாற்றுகிறேன். திரை சிவக்கிறது, இருக்கை இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடிக்கிறது. இடுப்பு தெரிகிறது, நல்லவேளை, இடுப்புவரை நான் இருக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக, மிக மெதுவாக, அப்படித்தான் நினைக்கிறேன், அழுத்துகிறேன், வண்டி ஒரு குதி குதித்து முன்னால் போகிறது. நிலோஃபர் அதற்கு முன்பே லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்பே. அதைத்தான் இப்போது பார்த்தேன், நான் அழுத்துவதற்கு முன்பே அவள் கை போய்விட்டது, பழகிய நாய் குச்சியைப் பார்த்ததும் ஒதுங்குவதுபோல. எத்தனை நாளாக இப்படிப் பிடிக்கிறாள்? பெடலின் முதல் விரற்கடை தூரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று நான்தான் சொன்னேன். செத்துக் கிடக்கு என்று சொன்னேன். இந்த விலைக்கு வாங்குகிறவன் தொட்டதும் வண்டி திரும்பிப் பார்க்க வேண்டாமா என்றேன். அவள் அதைக் கூர்மையாக்கினாள். இன்னும் என்றேன். இன்னும் ஆக்கினாள். செத்துக் கிடந்தது பெடலின் முதல் விரற்கடையா, அதன்மேல் இருந்த என் பெருவிரலா? இந்தக் கேள்வி ஒரு மாதமாக என்னோடு குடியிருக்கிறது. இரவில் கேட்டால் பெருவிரல் என்று பதில் வருகிறது. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பெடல்தான் என்று மாறிவிடுகிறது. ஒரு மனிதனுக்குள் பகலுக்கு ஒருவனும் ராத்திரிக்கு ஒருவனும் இருந்தால் சம்பளம் வாங்குகிறவன் பகலுக்கு உள்ளவன்தானே.

வேகச் சுற்றுப்பாதை வந்துவிட்டது. பாதை ஓரம் உயர்ந்து, கிண்ணத்தின் உள்சுவர்போலச் சரிந்திருக்கும், அதில் வண்டி தானே சாய்ந்துகொண்டு போகும். எண் ஏறுகிறது. நூறு, நூற்று இருபது. எஞ்சின் சத்தம்கூட முழு உண்மை இல்லை, பாதி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இந்த வண்டியில் எது உண்மை. பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே முன்போல நேரடியாக எதுவும் இல்லை. பெடல் ஒரு சின்னப் பெட்டியைத் தள்ளுகிறது, பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் கட்டை, அவ்வளவுதான், கால் எவ்வளவு அழுத்தியது என்ற செய்தி ஒயர் வழியாகப் போய் எங்கோ ஒரு மோட்டார் பிரேக்கைப் பிடிக்கிறது. காலுக்குத் தெரிகிற எதிர்ப்பு நாங்கள் செய்து வைத்தது. ஸ்டீயரிங்கின் கனமும் ஒரு மோட்டார் தருவது. பொய்யான உணர்ச்சிதான் எல்லாம், அதைப் பொய் என்று தெரியாதபடி செய்வதற்கு ஓர் உண்மையான கால் தேவைப்பட்டது, அந்தக் கால் என்னிடம் இருக்கிறது என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கவட்டைபோல் பிளந்த ஓர் இரும்பைத் தட்டி, அது அதிர அதிரக் கொண்டுவந்து என் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தாள். "அதிருதா?" அதிருது என்றேன். "நின்னதும் சொல்லுங்க." அவள் முகத்தையே பார்த்தேன், கண்ணிமை லேசாக அசைந்தது, நின்னுடுச்சு என்றேன். அடுத்த காலில் வைத்தாள். அதிருதா? அதிருது. நல்லா? நல்லா. அவள் இரும்பை மேஜையில் வைத்துவிட்டு, "இந்தத் தடவை நான் அதத் தட்டவே இல்ல மிஸ்டர் கஸ்பார்," என்றாள். கோபப்படவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்று சொன்னேன். "நல்லது," என்றாள், "வண்டி ஓட்டாதீங்க."

"சார்?" என்கிறாள் நிலோஃபர். எண் ஏறிக்கொண்டேயிருக்கிறது. நூற்று அறுபது, நூற்று எழுபது. காலை எடுத்துவிட்டேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டேன், முழங்காலைத் தூக்கினேன், தூக்கினேனா, தொடை இறுகியது தெரிந்தது, ஆனால் பாதம் இன்னும் அங்கேயே, இறக்கி வைக்க மறந்த மூட்டைபோல பெடலின் மேல் கிடக்கிறது. குனிகிறேன். ஒரு கணம்தான். இந்த வேகத்தில் ஒரு கணம் என்பது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ஷூவின் கறுப்பு மூக்கு ஆக்ஸிலரேட்டரின்மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது, எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒரு பிராணி. இடுப்பிலிருந்து மொத்தக் காலையும் இழுக்கிறேன். எண் இறங்குகிறது. "ஒண்ணுமில்லம்மா, மேல எப்படி இழுக்குதுன்னு பாத்தேன்." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, கால் போல இல்லை, நாக்கு உடனே பதில் சொல்கிறது, முதல் விரற்கடையிலேயே. அவள் சீட்பெல்ட்டைக் கழுத்தருகே சரிசெய்துகொள்கிறாள். இருபத்தெட்டு வயது இருக்குமா. உத்தமபாளையத்தில் அவளுடைய அத்தாவும் அம்மாவும் மகள் சென்னைக்குப் பக்கத்தில் கார் கம்பெனியில் பாதுகாப்பான வேலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நேர்ப்பாதை. இங்கேதான் பிரேக் பரீட்சை. அடையாளக் கம்பத்தைத் தாண்டியதும் அழுத்த வேண்டும். பெடலைத் தேடும் வித்தை ஒன்று வைத்திருக்கிறேன், குதிகாலைத் தரையில் ஊன்றிக் காலை இடப்பக்கம் திருப்பினால் ஷூவின் ஓரம் பெடலின் தண்டில் மோதும், மோதும் சத்தம், லேசான டக், அது காதுக்குக் கேட்கும். டக் கேட்டால் மேலே தூக்கி வைக்கலாம். டக். வைக்கிறேன், முழங்காலிலிருந்து தள்ளுகிறேன். வண்டியின் மூக்கு குனிகிறது, அடிவானம் கண்ணாடியில் மேலே ஏறுகிறது, பெல்ட் மார்பை அறுக்கிறது. எவ்வளவு ஏறியது, எவ்வளவு அறுத்தது, அதை வைத்துத்தான் ஒரு வருடமாக மார்க் சொல்லிவருகிறேன். கண்ணாலும் மார்பாலும் பிரேக்கைத் தின்று பார்த்துவிட்டு காலால் தின்றதாகச் சொல்கிறேன். இன்னும் கெட்டியா வேணும் என்றேன். தண்ணி மாதிரி போகுது என்றேன். நிலோஃபர் ரப்பரை மாற்ற வைத்தாள், ஸ்பிரிங்கை மாற்ற வைத்தாள். கொஞ்சம் தெரிந்தது, சந்தோஷப்பட்டேன், பிறகு அதுவும் தெரியாமல் போனது, இன்னும் கெட்டி என்றேன். இன்னொரு சோதனை ஓட்டுநரான பிரகதீஷ் ஒருநாள் பெரியவனை ஓட்டிவிட்டு வந்து, "அண்ணே, உங்க பெடல மிதிக்கணும்னா தனியா ஜிம்முக்குப் போகணும்ணே," என்றான், எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன், உனக்குத் தொடையே இல்லையேடா என்றேன். பெரிய வியாழனன்று கோயிலில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, சாமியார் பாதம் கழுவுவதற்குப் பன்னிரண்டு ஆண்கள் வேண்டுமென்றபோது என் பெயரைக் கொடுத்தது ரெஜினா. "சரியாயிரும்னு சொல்லலை. ஆனா கழுவட்டும்," என்றாள். பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தோம், வலதுகால் செருப்பைக் கழற்றி. எனக்குப் பக்கத்தில் ரேஷன் கடை சந்தியாகு. தண்ணீர் பட்டதும் காலை இழுத்துக்கொண்டு, "ஐஸ் தண்ணி," என்று முணுமுணுத்தார். அதனால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன், என் முறை வந்ததும் நானும் காலை லேசாக இழுத்துக்கொண்டேன். சாமியார் துண்டால் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். அவர் உச்சந்தலை வழுக்கையில் மின்விசிறியின் நிழல் சுற்றியது, உதடு என் பாதத்தின்மேல் படுவதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். கடவுளே வந்து தொட்டாலும் இனிமேல் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரெஜினா ராத்திரி வழக்கம்போலக் கைக்கண்ணாடியைப் பிடித்து என் உள்ளங்காலைப் பார்த்தாள், தினமும் பார்க்கிறாள், முள், கண்ணாடித் துண்டு, கொப்புளம். "இது எப்பம் பட்டுச்சு?" என்று கேட்டாள் ஒரு கீறலைக் காட்டி. தெரியலை என்றேன். "ஒங்க காலு, ஒங்களுக்குத் தெரியலைன்னா பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

வளைவுகள் வருகின்றன. ஸ்டீயரிங். இது கை, கை எனக்கு இன்னும் இருக்கிறது. ஸ்டீயரிங்கின் உள்பக்கம் தோல் தைத்த தையல் ஓடுகிறது, கட்டைவிரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்க்கிறேன், இது ஒரு மாதமாக வந்த பழக்கம். தெரிகிறது. தெரிகிறதா? இடது கட்டைவிரலுக்கு முடிச்சு முடிச்சாக இருக்கிறது, வலது கட்டைவிரலுக்கு ஒரே கோடாக இருக்கிறது. இல்லை, வியர்வை. வலதுபக்கம் வெயில். டாக்டரம்மா தன் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டி, இதுவரைக்கும் ஏறினா அப்புறம் விரல் நுனியில ஆரம்பிக்கும் என்றாள், காலுக்குச் சாக்ஸ் போட்டமாதிரி, அப்புறம் கைக்குக் கிளவுஸ் போட்டமாதிரி. வளைவின் நடுவே பாதையில் ஒரு நீளமான ஒட்டு இருக்கிறது, பழைய தாரும் புதிய தாரும் சேருமிடம். அதில் முன்சக்கரம் ஏறும்போது ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன மூச்சு வரும், அந்த மூச்சைக் கடத்துகிற வண்டி நல்ல வண்டி. அதற்காகக் காத்திருக்கிறேன். ஒட்டு போய்விட்டது. கண்ணாடியில் பின்னால் தெரிகிறது. மூச்சு வந்ததா? கனமாக இருக்கிறது ஸ்டீயரிங், நல்ல கனம், நான் கேட்டு வாங்கிய கனம். கனம் வேறு உணர்ச்சி வேறு என்று புதிதாக வருகிற எல்லாருக்கும் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கனமான ஸ்டீயரிங்கை நல்ல ஸ்டீயரிங் என்று நினைப்பது கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு என்று. ஒன்றும் தெரியாதவன் எப்போதும் கனத்தைத்தான் கேட்பான். காது கேளாதவன் சத்தமாகப் பேசு என்பதுபோல. எதிரே இருக்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும், முணுமுணுக்காதே என்பான்.

உள்பாதைக்கு வந்ததும் நிறுத்துகிறேன். இங்கே வேகம் குறைவு, என்ஜினியர்கள் ஓட்ட அனுமதி உண்டு. "நீ கொஞ்சம் ஓட்டுறியாம்மா?" என்று கேட்கிறேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தானே நான் தெரிந்துகொள்கிறேன். "நானா? மார்க் சொல்ற அன்னிக்கா?" என்று சிரித்துவிட்டு இறங்கிச் சுற்றி வருகிறாள். நான் இறங்காமல் நடுவே தாண்டிப் பக்கத்து இருக்கைக்குப் போய்விடுகிறேன், இறங்கக் கூடாதே. "அப்படியெல்லாம் பாக்கணுமா சார், ரூல்ஸ் ராமானுஜம்," என்கிறாள், இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டே. நன்றாக முன்னால், மார்பு ஸ்டீயரிங்கைத் தொடும் அளவுக்கு. "இவ்ளோ பக்கத்துலயா?" "அப்பதான் சார் மிதிக்க முடியும்." வண்டி கிளம்புகிறது. அவள் ஆக்ஸிலரேட்டரைத் தொடுவதைப் பார்க்கிறேன், பழத்தைக் கசங்காமல் எடுப்பதுபோலத் தொடுகிறாள், அப்படியும் ஒரு குதி. இங்கேயும் ஒரு கம்பம் வருகிறது. பிரேக். முதலில் தோள்கள் இருக்கையில் அழுந்துகின்றன, பிறகு தாடை இறுகுகிறது, இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பற்றி இழுக்கின்றன, பிறகு அவள் உடம்பு இருக்கையிலிருந்து எழும்புகிறது. எழும்புகிறது. அவள் அந்தப் பெடலின்மேல் ஏறி நிற்கிறாள். வண்டி நின்றதும் மெதுவாக உட்கார்ந்து, நெற்றியில் சரிந்த துப்பட்டாவைப் பின்னால் தள்ளிக்கொள்கிறாள். எனக்கு ஒரு வருடமாக யாரும் காட்டாததை இப்போது பார்த்துவிட்டேன். பெடல் எவ்வளவு கெட்டி என்று தெரிந்துகொள்ள இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே வழி இது, ஒரு சின்னப் பெண்ணின் எழும்பிய உடம்பு. "எப்பவும் இப்படித்தானா?" என்கிறேன். "பழகிடுச்சு சார்," என்கிறாள். பிறகு சிரிப்போடு, "என்ன ஒண்ணு, மத்த வண்டி ஓட்ட முடியல. போன வாரம் ஊர்ல அத்தா கார ஓட்டினேன். இதே ஞாபகத்துல ஒரு மிதி மிதிச்சேன் பாருங்க, எல்லாரும் முன்னாடி வந்து விழுந்துட்டாங்க. அத்தா கேக்கறார், இதத்தான் அங்க சம்பளம் குடுத்து கத்துத்தர்றாங்களான்னு." நானும் சிரிக்கிறேன். அவளுடைய காலும் கெட்டுவிட்டது. நோய் ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னாள், ஒட்டியிருக்கிறதே. நாளைக்கு இதை வாங்குகிறவர்கள், அவர்கள் மனைவிகள், வயதான அப்பாக்கள், மாடு குறுக்கே வரும்போது வழக்கம்போல மிதிப்பார்கள், வண்டி போய்க்கொண்டேயிருக்கும், எழும்பி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்.

மறுபடி இடம் மாறி ஷெட்டுக்கு ஓட்டுகிறேன். நாலு. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும். எதனால் நாலு என்பார்கள், போன வாரம் ஏழே முக்கால் சொன்னீர்களே என்பார்கள், அதற்குக் காலைச் சொல்ல வேண்டும், காலைச் சொன்னால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள், வாங்கிக்கொள்ளட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், சற்று முன்னால் ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து காலைத் தேடியவன் நான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன், நான் என்பதே இந்தக் கால்தானே, வேறு என்ன தெரியும் எனக்கு. எட்டு என்று சொன்னால் எல்லாம் அப்படியே இருக்கும், நாளைக்கும் சுவரில் சிவப்பைப் பார்க்கலாம், நாளை மறுநாளும். பிறகு கை. பிறகு தையல். நாலு என்று சொன்னால் குறைந்தபட்சம் அந்தப் பெடலை மறுபடி செய்வார்கள், பிரகதீஷைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்வார்கள், என் மரத்த கால் வண்டியிலிருந்து இறங்கிவிடும். அது ஒன்றுதான். அதற்காகவாவது. என்னால் இனி செய்ய முடிகிற ஒரே நல்ல பிரேக் அது. நாலு, நாலு என்று ஷெட் வரும்வரை நாக்கில் வைத்துக்கொண்டே வருகிறேன், விழுங்கிவிடாமல். பின்பக்கமாக ஏற்றுகிறேன். சுவர் சிவக்கிறது.

"சொல்லுங்க சார்," என்கிறாள். லேப்டாப்பின்மேல் விரல்கள். "ஏழரை மட்டும் வேண்டாம். சடகோபன் சார் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் பஸ் ஏறிடுவார்."

"நாலு."

சிரிக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறாள். "எதுக்கு சார் நாலு?"

"பிரேக்குக்கு. ஆக்ஸிலரேட்டருக்கு. ஸ்டீயரிங்குக்கும் அதான். எனக்குக் கால்ல உணர்ச்சி இல்லம்மா. சர்க்கரை. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் கெட்டியா வேணும் கெட்டியா வேணும்னு கேட்டதெல்லாம் எனக்குத் தெரியலங்கறதுக்காக. இது என் காலுக்கு வச்ச பெடல். வேற யாருக்கும் ஆகாது."

சொல்லிவிட்டேன். ஏதாவது இடியும் என்று நினைத்தேன். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் விரல்கள் லேப்டாப்பின் மேல் அசையாமல் இருக்கின்றன. பிறகு, "தெரியும் சார்," என்கிறாள்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துல. ஷூ முழுக்கத் தண்ணி, சாக்ஸெல்லாம் ஊறிப்போய் நாள் முழுக்க ஓட்டினீங்க. உள்ள தண்ணி சளசளங்குதே சார்னு நான் சொன்னப்பதான் குனிஞ்சு பாத்தீங்க."

"யார்ட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சடகோபன் சார்ட்ட சொன்னேன்." என்னைப் பார்க்காமல் சொல்கிறாள், முன்கண்ணாடியைப் பார்த்து. "பெடல் நல்லாயிருக்குல்ல, அப்புறம் என்னன்னாரு. போன மாசம் வாங்கப்போறவங்க சில பேரக் கூட்டிட்டு வந்து ஓட்ட வச்சாங்கல்ல சார், வெள்ளையடிச்சாங்களே. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கெட்டியா, கம்பீரமா இருக்காம். மத்த வண்டியெல்லாம் பொம்மை மாதிரி இருக்காம். அடுத்து வர்ற ரெண்டு வண்டிக்கும் இதையேதான் வைக்கப்போறாங்க. அந்த செட்டிங் ஃபைலுக்கு உங்க பேர்தான் வச்சிருக்கோம்."

"அவங்க ஆம்பளைங்க, மெதுவா ஒரு ரவுண்டு போனவங்க. நீ எந்திரிச்சு நிக்கிற. நான் பாத்தேன்."

"நான் வாங்கப்போறதில்லையே சார்."

நான் நாலு என்கிறேன், மறுபடி. அவள் தட்டுகிறாள், ஒரே ஒரு எழுத்துத்தான், எட்டுக்கும் அதே ஒரு தட்டுத்தான். "எட்டுன்னு போட்டுட்டேன் சார். மத்ததெல்லாம் நீங்க இறங்கினப்புறம் சொன்னீங்க."

"நான் இன்னும் இறங்கலம்மா."

"இறங்கிட்டீங்க சார்," என்கிறாள், ரெஜினா கைக்கண்ணாடியைப் பிடிக்கும்போது இருக்கிற அதே குரலில், அதுதான் தாங்க முடியவில்லை, அதில் பயமோ தந்திரமோ இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். லேப்டாப்பை மூடுகிறாள். ஒயரைச் சுருட்டுகிறாள். இறங்கிக் கதவைச் சாத்துகிறாள், இந்த வண்டியின் கதவு சாத்துகிற சத்தத்துக்குக்கூட யாரோ மார்க் போட்டிருக்கிறார்கள், பஞ்சுப் பொதி விழுவதுபோல இருக்கும். பின்கதவைத் திறந்து என் ரப்பர் செருப்பை எடுத்து, சுற்றி வந்து, என் பக்கக் கதவுக்கு வெளியே தரையில் ஜோடியாக வைத்துவிட்டு வெயிலுக்குள் போகிறாள். நான் எஞ்சினை அணைக்கிறேன். திரை அணைகிறது, ஏசி அணைகிறது, இருக்கை இடுப்பை விடுகிறது. இவ்வளவு நாளும் இதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன், முடிந்துவிடும் என்ற பயம்தான் கடைசியாக மிச்சமிருந்த நம்பிக்கை என்று தெரியாமல் போயிற்று. எதுவும் முடியவில்லை. என் கால் இனி கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும், மழையில் வெயிலில் ஊர் ஊராகப் போகும், என்னைத் தெரியாதவர்கள் அதன்மேல் ஏறி நிற்பார்கள், கம்பீரம் என்பார்கள். இறங்க வேண்டும். செருப்பு கீழே காத்திருக்கிறது. கண்ணாடியில் பின்சுவர் இன்னும் சிவப்பாக இருக்கிறது. காலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எடுக்கிறேன். தொடை இறுகுகிறது, முழங்கால் தூக்குகிறது, எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சுவரைப் பார்க்கிறேன். சிவப்பு.